வைரஸுக்கு மூளை இல்ல. அப்புறம் எப்படித் தப்பிக்குது?

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் எடுத்து இன்னைக்கு முழுசா பேசலாம்னு இருக்கேன். கேள்வி இதுதான்: “தடுப்பூசியும் போட்டாச்சு, கொரோனாவும் ஒரு தடவை வந்து போயிடுச்சு. அதுக்கப்புறமும் எப்படிங்க திரும்ப வருது? நம்ம உடம்பைப் படிச்சுத் தெரிஞ்சுக்க வைரஸுக்கு என்ன மூளையா இருக்கு?”

இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு பெரிய நம்பர் இருக்கு. 2021 ஜூன், ஜூலையில ஐசிஎம்ஆர் நாடு முழுக்க நாலாவது தடவையா ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பு நடத்தினாங்க. 6 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிறவங்கள்ல 67.6 சதவீதம் பேரோட ரத்தத்துல கொரோனாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்துச்சு. மூணு பேர்ல ரெண்டு பேர்னு வைங்க. “அப்பாடா, முடிஞ்சுது”ன்னு நிறைய பேர் நினைச்சாங்க. ஆறே மாசத்துல, 2022 ஜனவரியில, ஓமிக்ரான் அலை வந்துச்சு. தெருவுக்குத் தெரு காய்ச்சல், தொண்டை வலி.

நாள் ஆக ஆக ஆன்டிபாடி அளவு குறையும், அது ஒரு காரணம். ஆனா பெரிய காரணம் வைரஸ் பக்கம்தான் இருக்கு. நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். அதனால எனக்குப் புரியிற வழியில, அதாவது காப்பி எடுக்கும்போது வர்ற பிழையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

30 கேபி ஃபைல்

கொரோனா வைரஸோட மொத்த மரபுக்குறிப்பும் கிட்டத்தட்ட 30,000 எழுத்து. நாலே நாலு எழுத்தை மாத்தி மாத்தி எழுதின ஒரு டெக்ஸ்ட் ஃபைல் மாதிரி. கம்ப்யூட்டர்ல சேமிச்சா 30 கேபிதான் வரும். வாட்ஸ்அப்ல நீங்க அனுப்புற குட் மார்னிங் படம் இதைவிடப் பல மடங்கு பெருசு.

வைரஸ் நம்ம செல்லுக்குள்ள போய்ச் செய்யிற வேலை இந்த ஃபைலைக் காப்பி எடுக்கிறது மட்டும்தான். திரும்பத் திரும்ப, கோடிக்கணக்குல. அப்படி எடுக்கும்போது எழுத்துப்பிழை வரும். அந்தப் பிழைக்குத்தான் மியூட்டேஷன், திரிபுன்னு பேரு. பல ஆர்என்ஏ வைரஸ்களுக்கு இல்லாத ஒரு வசதி கொரோனாவுக்கு உண்டு. பிழை திருத்துறதுக்குன்னே ஒரு என்சைம் வச்சிருக்கு. அப்படியும் கொஞ்சம் பிழை நழுவிடும். தொற்று வரிசை ஒண்ணைத் தொடர்ந்து பார்த்தா மாசத்துக்கு சுமார் ரெண்டு மாற்றம் நிலைச்சு நிக்குதுன்னு கணக்கு.

இந்தப் பிழைகள்ல பெரும்பாலானது எதுக்கும் உதவாது. சிலது வைரஸையே கெடுத்துடும், அந்தக் காப்பி அங்கேயே செத்துப் போகும். எப்பவோ ஒண்ணு, வந்த இடத்துனால, வைரஸுக்குச் சாதகமா அமைஞ்சுடும்.

எந்த இடம்? வைரஸ் மேல முள்ளு முள்ளா இருக்கே, ஸ்பைக் புரதம், அது 1,273 அமினோ அமிலம் கோத்த ஒரு சங்கிலி. அதுல சுமார் 200 அமினோ அமிலம் உள்ள ஒரு பகுதிதான் நம்ம செல்லோட கதவைப் பிடிக்குது. வைரஸைத் தடுத்து நிறுத்துற ஆன்டிபாடிகள்ல பெரும்பாலானதும் அதே பகுதியிலதான் வந்து ஒட்டும். கதவைப் பிடிக்கிற கையையே கட்டிப் போடுற மாதிரி.

இதுல 484ஆவது இடத்தை எடுத்துக்குவோம். அங்க முதல்ல இருந்தது எதிர் மின்னூட்டம் உள்ள ஒரு அமினோ அமிலம். தென்னாப்பிரிக்காவுல கண்டுபிடிச்ச பீட்டா வகையில அது நேர் மின்னூட்டம் உள்ளதா மாறிடுச்சு. காந்தத்தைத் திருப்பிப் பிடிச்ச கதைதான். முன்னாடி இழுத்து ஒட்டிக்கிட்ட ஆன்டிபாடியை இப்ப அந்த இடம் தள்ளிவிடுது. ஒரே ஒரு எழுத்து மாறினதுக்கு இவ்வளவு விளைவு.

புகையான் சொல்ற பாடம்

சரி, அந்த ஒரு எழுத்து மாறணும்னு வைரஸுக்கு யார் சொன்னா? யாரும் சொல்லல. இதைப் புரிஞ்சுக்க நாம லேபுக்குப் போக வேண்டியதில்ல. எங்க செலியமேட்டுலயோ, பாகூர் ஏரிப் பாசனத்துல நெல்லு போடுற எந்த ஊர்லயோ, புகையான் பத்திக் கேளுங்க.

புகையான் விழுந்த வயல்ல ஒரே மருந்தை, அதுவும் அளவைக் குறைச்சு, பட்டத்துக்குப் பட்டம் அடிச்சுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? சுத்தமா மருந்தே அடிக்கலைன்னா, மருந்தைத் தாங்குற பூச்சிக்குத் தனியா ஒரு லாபமும் இல்ல. மத்த பூச்சியோட அதுவும் ஒண்ணு. மருந்து முழு அளவுல சரியா விழுந்தா கிட்டத்தட்ட எல்லாம் செத்துடும், பெருக ஆள் இருக்காது. ஆனா அரைகுறையா விழுந்தா? சாதாரணப் பூச்சி சாகும், கொஞ்சம் தாங்குற பூச்சி பிழைக்கும். அடுத்த தலைமுறை முழுக்க அதோட பிள்ளைங்க. ஆசியாவுல பல நாடுகள்ல இமிடாகுளோபிரிட் மருந்துக்குப் புகையான் அசையாமப் போனது இந்த வழியிலதான். பூச்சி எதையும் யோசிக்கல. நாம வடிகட்டினோம், அது மிஞ்சுச்சு.

இப்ப வயலுக்குப் பதிலா மனுஷ உடம்பு. மருந்துக்குப் பதிலா ஆன்டிபாடி. எதிர்ப்பு சக்தி நல்லா இருக்கிறவங்க உடம்புல வைரஸுக்குச் சில நாள்தான் டைம், அதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சுடும். வைரஸ் மாறி மாறிப் பார்க்க ரெண்டு விஷயம் வேணும்: ஒண்ணு நிறைய நாள், இன்னொண்ணு அரைகுறை எதிர்ப்பு. இது ரெண்டும் ஒரே உடம்புல சேர்ந்தா?

101 நாள்

இது நிஜமாவே நடந்து, நாள் வாரியாப் பதிவும் ஆகியிருக்கு. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல, 70 வயசைத் தாண்டின ஒருத்தர். முன்னாடி அவருக்கு ரத்தப் புற்றுநோய் வகையைச் சேர்ந்த லிம்போமா இருந்துச்சு. அதுக்குக் கொடுத்த மருந்து, ஆன்டிபாடி தயாரிக்கிற செல்களையே அழிச்சிருந்துச்சு. அந்த நிலைமையில கொரோனா வந்துச்சு, போகவே இல்ல. 101 நாள்ல 23 தடவை அவர்கிட்ட மாதிரி எடுத்து மரபுக்குறிப்பைப் படிச்சாங்க. ரவீந்திர குப்தாவோட குழு 2021 பிப்ரவரியில நேச்சர் இதழ்ல இதை வெளியிட்டாங்க.

முதல் ரெண்டு மாசம் பெருசா மாற்றம் இல்ல. ரெம்டெசிவிர் கொடுத்தும் அப்படித்தான். அப்புறம் பிளாஸ்மா கொடுத்தாங்க. அதாவது, கொரோனாவுல இருந்து குணமானவங்களோட ரத்தத்துல இருந்து எடுத்த, ஆன்டிபாடி உள்ள திரவம். உடனே காட்சி மாறிடுச்சு. ஸ்பைக்ல 796ஆவது இடத்துல ஒரு மாற்றமும், 69, 70 ஆகிய ரெண்டு இடம் காணாமப் போனதும் சேர்ந்த ஒரு வகை கிடுகிடுன்னு மேல வந்துச்சு. பிளாஸ்மாவோட வேகம் தீர்ந்ததும் அந்த வகை பின்வாங்கிடுச்சு. மறுபடி பிளாஸ்மா ஏத்தினாங்க, மறுபடி அதே வகை தலைதூக்குச்சு.

லேப்ல சோதிச்சுப் பார்த்தப்போ இன்னொண்ணும் தெரிஞ்சுது. 796ல வந்த மாற்றம் ஆன்டிபாடியை ஓரளவு ஏமாத்துது, ஆனா அதுக்கு விலையா வைரஸோட தொற்றுற திறன் குறையுது. 69, 70 போனது அந்த நஷ்டத்தை ஈடுகட்டுது. எங்க வேலையில ஒரு பக் சரி பண்ணப் போய் வேற எங்கயோ உடையும், அதை இன்னொரு பேட்ச் போட்டு ஒட்டுவோம். அதே கதைதான். என்ன, இங்க புரோகிராமர் யாரும் கிடையாது. கோடிக்கணக்கான காப்பியில தானா அமைஞ்சது தானா மிஞ்சுச்சு.

அந்த நோயாளி பிழைக்கல. அதையும் சொல்லணும். ஏன்னா இது வைரஸோட கதை மட்டும் இல்ல.

நாம பிளாஸ்மா தேடின நாட்கள்

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். 2020ல பிளாஸ்மா மேல இங்க பெரிய நம்பிக்கை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில அந்த ஜூலையில பிளாஸ்மா வங்கியே திறந்தாங்க. அதே நேரத்துல ஐசிஎம்ஆர் ஒரு முறையான சோதனையும் நடத்துச்சு. பேரு பிளாசிட். 39 மருத்துவமனை, 464 நோயாளிகள். பிளாஸ்மா கொடுத்தவங்கள்ல 19 சதவீதம் பேருக்கு நோய் முத்துச்சு, இல்லன்னா இறந்தாங்க. கொடுக்காதவங்கள்ல அது 18 சதவீதம். பலன் இல்லன்னு அர்த்தம். 2020 அக்டோபர்ல பிஎம்ஜே இதழ்ல முடிவு வந்தாச்சு.

ஆனா 2021 ஏப்ரல், மே ஞாபகம் இருக்கா? நம்ம வயசுப் பசங்க போன்ல எல்லாம் ஒரே மெசேஜ்தான்: “அவசரம், பி பாசிட்டிவ் பிளாஸ்மா தேவை.” மருத்துவமனை வாசல்ல நிக்கிற ஒரு குடும்பத்துக்கு, சோதனை முடிவு இதழ்ல வந்திருக்குன்னு சொன்னா ஏறுமா? டாக்டர் எழுதிக் கொடுத்தா ஓடித்தான் ஆகணும்.

அந்த மே மாசம், வேலூர் சிஎம்சியில இருந்த டாக்டர் ககன்தீப் காங் உள்ளிட்ட மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் அரசோட முதன்மை அறிவியல் ஆலோசகர் விஜயராகவனுக்குக் கடிதம் எழுதினாங்க. அதுல ரெண்டு விஷயம். ஒண்ணு, இது பலன் தரலைன்னு ஆதாரம் இருக்கு. ரெண்டாவது, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு இப்படி வரைமுறை இல்லாம ஆன்டிபாடி ஏத்தினா, அதைத் தாண்டுற வகைகள் உருவாக வழி விடுறோம். 2021 மே 17ஆம் தேதி சிகிச்சை வழிகாட்டுதல்ல இருந்து பிளாஸ்மாவை எடுத்தாங்க.

தெளிவா ஒண்ணு சொல்லிடறேன். டெல்டா பிளாஸ்மாவால வந்துச்சுன்னு நான் சொல்லல, அதுக்கு ஆதாரமும் கிடையாது. அந்தக் கடிதம் சொன்னது அரை அளவு மருந்தோட ஆபத்து. புகையான் விஷயத்துல விவசாயிக்குத் தெரிஞ்ச அதே கணக்கு.

டெல்டா ஜெயிச்சது வேற பரீட்சை

2021 மார்ச் 24ஆம் தேதி சுகாதார அமைச்சகம் ஒரு புது வகையைப் பத்தி அறிவிச்சுது. அதுக்கு ‘டபுள் மியூட்டண்ட்’னு பேர் வச்சாங்க. 452, 484 ஆகிய ரெண்டு இடத்துலயும் மாற்றம் இருக்குன்னு. ஆனா அந்த பி.1.617 வகையில மொத்தம் பத்துக்கு மேற்பட்ட மாற்றம் இருந்துச்சு, ரெண்டு மட்டும் இல்ல.

சுவாரசியமான இடம் இங்கதான் வருது. அந்தக் குடும்பத்துல இருந்து உலகத்தையே சுத்தினது பி.1.617.2, அதாவது டெல்டா. அதுக்கு 484ல மாற்றமே இல்ல! அந்த மாற்றம் இருந்த பி.1.617.1 பின்தங்கிடுச்சு. டெல்டாகிட்ட 452, 478ல மாற்றம் இருந்துச்சு, கூடவே 681ஆவது இடத்துல ஒரு மாற்றம். இந்தக் கடைசி மாற்றம் ஸ்பைக்கை வெட்டித் தயார் பண்ற வேலையைச் சுலபமாக்குது, வைரஸ் செல்லுக்குள்ள வேகமா நுழையுது. ஆன்டிபாடியில இருந்து டெல்டா கொஞ்சம் தப்பிச்சது உண்மைதான். டெல்லி மருத்துவமனை ஊழியர்களையும் சேர்த்து நடத்தின ஆய்வுல, தடுப்பூசியால வந்த ஆன்டிபாடிக்கு அது பழைய வகையைவிட எட்டு மடங்கு குறைவா அடங்குச்சு. ஆனா அதோட முதல் பலம் வேகம்.

ஏன் வேகம் ஜெயிச்சுது? 2021 தொடக்கத்துல நிறைய பேருக்கு எதிர்ப்பே இல்ல. பூட்டு இல்லாத வீட்டுக்குக் கள்ளச்சாவி எதுக்கு? ஓடத் தெரிஞ்சா போதும். நான் ஆரம்பத்துல சொன்ன 67.6 சதவீதத்துக்கு அப்புறம் பரீட்சையே மாறிடுச்சு. இப்ப வீட்டுக்கு வீடு பூட்டு. கள்ளச்சாவி வச்சிருக்கிறவனுக்குத்தான் வேலை. அந்த நேரத்துல, 2021 நவம்பர்ல, தென்னாப்பிரிக்காவுல இருந்தும் போட்ஸ்வானாவுல இருந்தும் ஓமிக்ரான் பத்தின தகவல் வந்துச்சு. ஸ்பைக்ல மட்டும் 30க்கு மேற்பட்ட மாற்றம். மாசத்துக்கு ரெண்டுன்னு மெதுவாப் போறது திடீர்னு இப்படித் தாண்டிக் குதிச்சது எப்படி? ஆராய்ச்சியாளர்கள் பலர் முன்வைக்கிற விளக்கம், எதிர்ப்பு சக்தி குறைஞ்ச ஒருத்தர் உடம்புல மாசக்கணக்கா இருந்து மாறியிருக்கும்கிறதுதான். அந்த 101 நாள் கதை ஏன் முக்கியம்னு இப்ப புரியும்.

ஓமிக்ரான் எதையெல்லாம் செல்லாக்காசு ஆக்குச்சுன்னு பாருங்க. 2021 மே மாசம் இந்தியாவுல ‘ஆன்டிபாடி காக்டெய்ல்’னு ஒரு மருந்து வந்துச்சு. லேப்ல தயாரிச்ச ரெண்டு ஆன்டிபாடியைக் கலந்தது. ஒரு ஆளுக்கான விலை 59,750 ரூபாய். ஒண்ணை ஏமாத்தினாலும் இன்னொண்ணு பிடிக்கும்னுதான் ரெண்டாக் கலந்தாங்க. ஓமிக்ரான் ரெண்டையுமே ஏமாத்திடுச்சு. எட்டு மாசத்துல அந்த மருந்துக்கு வேலை இல்லாமப் போச்சு.

அதுக்கப்புறமும் இதே பரீட்சைதான் நடக்குது. 2022ல எக்ஸ்பிபி. ஒரே ஆளை ரெண்டு ஓமிக்ரான் வகை ஒரே நேரத்துல பிடிச்சப்போ, காப்பி எடுக்கிற இயந்திரம் பாதியில ஒரு ஃபைல்ல இருந்து இன்னொண்ணுக்குத் தாவி, ரெண்டோட மாற்றங்களும் ஒண்ணாச் சேர்ந்த வகை அது. 2023 டிசம்பர்ல கேரளாவுல தெரிஞ்ச ஜேஎன்.1, தன்னோட தாய் வகையில இருந்து ஸ்பைக்ல ஒரே ஒரு இடத்துல, 455ல, வேறுபட்டது. செல்லைப் பிடிக்கிற பிடி அதனால கொஞ்சம் தளர்ந்துச்சு, ஆனா ஆன்டிபாடியில இருந்து நழுவுற திறமை கூடுச்சு. 2025 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல ஒரு மாதிரியில என்பி.1.8.1 தெரிஞ்சுது. அதுவும் இந்த வழியில வந்ததுதான்.

ஏன் 2021 திரும்பல?

இதைக் கேட்டுட்டு, “அப்ப தடுப்பூசி வேஸ்டா?”ன்னு நினைச்சுடாதீங்க. ஆன்டிபாடி வாசல் காவல். அதைத் தாண்டி உள்ள வந்தாலும் டி செல்னு இன்னொரு படை இருக்கு. அது தொற்று பிடிச்ச செல்லையே தேடி அழிக்குது. ஸ்பைக்கோட ஒரு இடத்தை மட்டும் பார்க்காம வைரஸோட பல துண்டுகளை அடையாளம் வச்சிருக்கு. அதுலயும் உங்க டி செல் பார்க்கிற துண்டு வேற, என்னோடது பார்க்கிற துண்டு வேற. எல்லாரையும் ஒரே மாற்றத்துல ஏமாத்த முடியாது. அதனாலதான் தொற்று திரும்பத் திரும்ப வந்தாலும், பெரும்பாலானவங்களுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் தேடுற நிலைமை திரும்பி வரல.

‘பெரும்பாலானவங்களுக்கு’ன்னு சொன்னேன். மீதி யாருன்னு பார்ப்போம். பாகூர், வில்லியனூர் பக்கத்துல இருந்து காலையில பஸ் ஏறி ஜிப்மருக்குக் கீமோ எடுக்கப் போறவங்க. கிட்னி மாத்திக்கிட்டு, உடம்பு அதை ஒதுக்காம இருக்கத் தினமும் மாத்திரை போடுறவங்க. டயாலிசிஸ்ல இருக்கிறவங்க. நமக்கு மூணு நாள் காய்ச்சலாப் போறது, இவங்ககிட்ட வாரக்கணக்குல தங்கும்.

இங்க ஒரு ஆபத்து இருக்கு. நான் சொன்னதை யாராவது பாதி கேட்டுட்டு, “இவங்களாலதான் புது வகை வருது”ன்னு திருப்பிடுவாங்க. கொரோனா வந்த வீட்டு வாசல்ல தகரம் அடிச்ச காலத்தைப் பார்த்தவங்க நாம. அவங்க உடம்புல வைரஸ் நாள்கணக்கா தங்குதுன்னா, அந்த வைரஸை அங்க கொண்டு போய்க் கொடுத்தது சளியோட பக்கத்துல போய் உக்காந்த நம்மள்ல ஒருத்தர்தான். முதல்ல பாதிக்கப்படுறதும் அவங்கதான்.

அதனால செய்ய வேண்டியது நம்ம பக்கம் சிலது இருக்கு. அப்படிப்பட்டவங்க இருக்கிற வீட்டுக்குக் காய்ச்சல், சளியோட போகாதீங்க. போய்த்தான் ஆகணும்னா மாஸ்க் போடுங்க. அவங்களுக்கு இருமல், காய்ச்சல் ரெண்டு வாரம் தாண்டியும் விடலைன்னா, “சீதோஷ்ண மாற்றம்”னு மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கிக் கொடுத்து ஓட்டாம, அவங்களைப் பார்க்கிற டாக்டர்கிட்ட சொல்லி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. தடுப்பூசி விஷயத்தையும் அதே டாக்டர்கிட்ட கேளுங்க.

இன்னொண்ணு அரசு பக்கம். 2020 டிசம்பர்ல 10 ஆய்வகத்தைச் சேர்த்து இன்சாகாக் அமைப்பைத் தொடங்கினாங்க. 2021 செப்டம்பர்ல சென்னையிலயே தமிழ்நாடு அரசு சொந்தமா மரபுக்குறிப்பு படிக்கிற ஆய்வகம் திறந்துச்சு. மெஷின் இருக்கு, ஆளும் இருக்கு. ஆனா மாதிரி போனாத்தான் அது படிக்கும். எங்க வேலையில லாக் எழுதுறதை நிறுத்திட்டா பக்கும் நின்னுடும்னு யாரும் நம்ப மாட்டாங்க. பெரிய ஊர்ல இருந்து மட்டும் மாதிரி போய், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல டெஸ்ட்டே எடுக்கலைன்னா, நமக்குக் கிடைக்கிற படம் பாதிப் படம்தான்.

கேள்வி கேட்டவங்களுக்குச் சுருக்கமான பதில்: வைரஸுக்கு மூளை இல்ல. அதுக்கு நாள் கொடுத்தா மாறும், நாள் கொடுக்காம இருக்கிறது நம்ம கையில.

உங்க வீட்டுல யாராவது கீமோவுலயோ டயாலிசிஸ்லயோ இருந்து, இந்த வருஷங்களை எப்படிச் சமாளிச்சீங்கன்னு சொல்ல விரும்பினா குரல் பதிவா அனுப்புங்க, பேர் சொல்லாமலே அடுத்த எபிசோடுல பேசலாம். இப்போதைக்கு இவ்வளவுதான்.